பூண்டுக் காசும் டேப் ஒட்டிய கேமராவும்: பொறுப்பதா, வாங்குவதா?

பூம்பாறைத் தம்பி போன செவ்வாய்க்கிழமை ஸ்டுடியோவுக்கு வந்தபோது பாஸ்போர்ட் படத்துக்கு நாலு பேர் காத்திருந்தார்கள். அவர்கள் போகும்வரை பெஞ்சில் பொறுமையாக உட்கார்ந்திருந்தான். கடைசி ஆள் கிளம்பியதும் போனை நீட்டினான். "அண்ணே, இதப் பாருங்க. வந்துருச்சு."

படத்தில் ஏதோ வெளிநாட்டுப் புல்வெளி. ஒருவர் முழங்காலிட்டு, வெள்ளை லென்ஸ் மாட்டிய கேமராவைக் கண்ணில் வைத்திருக்கிறார். தூரத்திலிருந்து யாரோ எடுத்த மங்கலான படம். கேமராவின் நெற்றியில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு டேப். கேனன் ஆர்7-க்கு அடுத்து வரப்போகும் கேமராவைக் களத்தில் சோதிக்கிறார்கள் என்று கீழே எழுதியிருந்தது. நிறுவனம் இதைப் பற்றி இன்னும் வாய் திறக்கவில்லை.

தம்பி என்றால் உடன்பிறந்தவன் இல்லை. கொடைக்கானல் பக்கத்துப் பூம்பாறையில் மலைப்பூண்டு போடுகிற குடும்பம். சீசனில் பறவை பார்க்க வருகிறவர்களைக் கூக்கால் சோலைப் பக்கம் கூட்டிப்போவான். கையில் இருப்பது கேனன் 1200டி-யும் ஒரு 55-250 லென்ஸும். இந்த வருடம் பூண்டு விற்ற காசில் ஒரு பங்கைக் கேமராவுக்கென்று வீட்டில் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் காசை ஒரு முறைதான் செலவழிக்க முடியும். அதனால்தான் அவனுடைய கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. "பொறுக்கலாமா, இப்பவே ஆர்7 வாங்கிறலாமா?"

இதே கேள்வியோடு இந்த மலையில் இன்னும் சிலர் இருப்பார்கள் என்பதால் அவனுக்குச் சொன்னதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அந்தப் படத்தில் என்ன தெரிகிறது என்று பார்ப்போம். தம்பி ஏற்கெனவே ஸ்கேல் வைத்து அளந்துவிட்டிருந்தான். மாட்டியிருக்கும் லென்ஸ் ஆர்எஃப் 100-500 மாதிரி தெரிகிறது. அதன் குறுக்களவு 93.8 மி.மீ. அந்தக் கணக்கில் கேமராவின் அகலம் ஏறக்குறைய 140 மி.மீ. வருகிறது என்றான். ஆர்7-இன் அகலம் 132 மி.மீ. ஆகவே புதுக் கேமரா பெரியது, பிடி நன்றாக இருக்கும், சூடு தாங்கும் என்று அடுக்கடுக்காக முடிவுக்கு வந்திருந்தான்.

அவன் அளந்த முறை சரியானதுதான். தெரிந்த ஒரு பொருளை அளவுகோலாக வைத்துத் தெரியாததை அளப்பது நல்ல பழக்கம். ஆனால் லென்ஸின் அகலமான பகுதி எடுத்தவருக்குக் கிட்டேயும், கேமரா அதற்குப் பின்னாலும் இருக்கிறது. பின்னால் இருப்பது சிறிதாகத்தான் விழும். கேமரா கொஞ்சம் திரும்பியிருந்தால் அகலம் இன்னும் சுருங்கும். படமோ மங்கல். விளிம்பு எங்கே முடிகிறது என்று கோடு போடும்போதே ஐந்தாறு மில்லிமீட்டர் தப்பிவிடும். 8 மி.மீ. வித்தியாசத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

அதைவிடப் பெரிய விஷயம் இன்னொன்று. டேப் ஒட்டிய படத்தில் தெரிவதெல்லாம் கேமராவின் வெளிப்புறம் மட்டும். வியூஃபைண்டர் கூம்பு எவ்வளவு உயரம், பிடி எவ்வளவு தடிமன், மேலே எத்தனை டயல் என்பதைப் பார்க்கலாம். கூக்கால் சோலைக்குள் காலை ஏழரை மணிக்கு மஞ்சு இறங்கி நிற்கும்போது அந்தக் கேமரா என்ன செய்யும் என்பதை வெளிப்புறம் சொல்லாது. சென்சாரை (வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லை) எவ்வளவு வேகமாக வாசிக்கிறது, இருட்டுக்காக ஐஎஸ்ஓவை, அதாவது ஒளி உணர்வு அளவை, 6400-க்கு ஏற்றினால் படத்தில் மணல் மாதிரிப் புள்ளி எவ்வளவு விழுகிறது, இருட்டுப் புதருக்குள் குருவியின் கண்ணைப் பிடிக்கிறதா, இந்த மூன்றும்தான் நமக்கு வேண்டும். மூன்றில் ஒன்றுகூட அந்தப் படத்தில் இல்லை.

களச் சோதனை நடப்பது நிஜம். கேமரா நிறுவனங்கள் முன்மாதிரிகளை நம்பிக்கையான புகைப்படக்காரர்கள் கையில் கொடுத்து மழை, புழுதி, வெயில், விளையாட்டு மைதானம் என்று அனுப்புகின்றன. 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக் போட்டிகளில் அப்படித்தான் நடந்தது. கேனன் ஆர்3-ஐ உருவாக்கிவருகிறோம் என்று நிறுவனம் ஏப்ரலிலேயே அறிவித்துவிட்டது, ஆனால் எத்தனை மெகாபிக்சல் என்பதை மட்டும் சொல்லவில்லை. 30 என்றும் 45 என்றும் ஊர் பேசிக்கொண்டிருந்தது. ஒலிம்பிக்கில் அதை வைத்து எடுத்த ஒருவரின் படங்கள் வெளியானபோது, கோப்புக்குள் பதிவாகியிருந்த விவரத்தில் 6000-க்கு 4000 என்று இருந்தது. அதாவது 24 மெகாபிக்சல். செப்டம்பர் 14-ஆம் தேதி முறைப்படி வெளியிட்டபோதும் அதேதான். இந்தக் கதையில் நாம் பிடித்துக்கொள்ள வேண்டியது இதுதான்: உண்மையைச் சொன்னது அந்தக் கேமரா எடுத்த படத்தின் கோப்பு. கேமராவைத் தூரத்திலிருந்து எடுத்த படத்தில் அந்த விவரம் கிடைத்திருக்காது.

கசிவு வருகிற இன்னொரு வழி, வானொலி அலை அனுமதிப் பதிவுகள். வைஃபை, புளூடூத் உள்ள எந்தக் கருவியையும் விற்பனைக்குக் கொண்டுவருவதற்கு முன் பல நாடுகளில் பதிவு செய்தாக வேண்டும். அங்கே வெறும் குறியீட்டு எண் வரும், மாடல் பெயர் வராது. அப்படி ஓர் எண் தென்பட்டால் ஏதோ ஒன்று வரப்போகிறது என்று நம்பலாம். எது, எப்போது என்பது தெரியாது. டேப் படத்தைவிட இந்தப் பதிவுகளை நான் அதிகம் நம்புவேன், ஏனென்றால் அவை சட்டப்படி செய்தாக வேண்டிய வேலை.

சரி, பொறுப்பதற்கு என்ன விலை? இதை நான் அனுபவித்தவன்.

2009-இல் வந்த கேனன் 7டி-தான் அப்போது என் கையில் இருந்தது. 2014-இல் 7டி மார்க் 2 வந்தபோது வாங்க முடியவில்லை. 2017, 2018-இல் வாங்கும் நிலைமை வந்தது. அப்போது பேச்செல்லாம் மார்க் 3 பற்றித்தான். இதோ வருகிறது, அடுத்த மாதம், அடுத்த கண்காட்சி என்று. மார்க் 2 நாலு வயதுக் கேமரா, இனி அதில் காசு போடுவதா என்று ஒத்திப்போட்டேன். 2018-இல் கொடைக்கானல் மலைகளில் குறிஞ்சி பூத்தது. பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை பூப்பது. சரிவுகள் நீலமாகிக் கிடந்த அந்த மாதங்களில் மஞ்சும் தூறலுமாக வெளிச்சமே இல்லை. பூவில் தேன்சிட்டு வந்து உட்காருவதை அந்தப் பழைய 7டி-யில் ஐஎஸ்ஓ 3200-க்கு ஏற்றி எடுத்தேன். எடுத்ததில் பெரும்பாலானவை மணல் தூவியது போல இருக்கின்றன. பெரிதாகப் பிரிண்ட் போட ஒன்றுகூடத் தேறவில்லை.

மார்க் 3 வரவே இல்லை. 2019 ஆகஸ்டில் 90டி வந்தது. 7டி வரிசை அதோடு நின்றுபோனது. அந்த இடத்தை நிரப்ப ஆர்7 வந்தது 2022 மே மாதம். அடுத்த குறிஞ்சி 2030-இல்.

காத்திருந்ததே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. நாள் குறிக்காமல் காத்திருந்தேன், அதுதான் தப்பு. கேமரா நிறுவனத்தின் நாள்காட்டி நம்மிடம் இல்லை. சோலையின் நாள்காட்டி இருக்கிறது. அதை வைத்துத்தான் கெடு வைக்க வேண்டும்.

அறிவித்த பிறகும் கேமரா உடனே கைக்கு வந்துவிடாது. நிக்கான் இசட்9-ஐ உருவாக்கிவருவதாகச் சொன்னது 2021 மார்ச், வெளியிட்டது அக்டோபர் 28, உலகத்தில் முதல் ஆட்களுக்குக் கிடைத்தது டிசம்பர். கேனன் ஆர்1 பற்றி 2024 மே மாதம் முன்னறிவிப்பு, ஜூலை 17-இல் வெளியீடு, கைக்கு வந்தது நவம்பர். மதுரைக் கடைக்கு வந்து, முதல் விலை இறங்கி, முதல் மென்பொருள் திருத்தமும் வந்த பிறகு வாங்குகிறோம் என்றால் இன்னொரு வருடத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பூண்டுக் காசில் வாங்குகிறவன் முதல் மாதத்து விலையில் வாங்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

இனி கையில் கிடைக்கிறவற்றைப் பார்ப்போம்.

ஆர்7 நல்ல கேமரா. 32.5 மெகாபிக்சல், உடலுக்குள்ளேயே ஆட்டம் தாங்கும் வசதி, மெக்கானிக்கல் ஷட்டரில் நொடிக்கு 15 படம், எலக்ட்ரானிக் ஷட்டரில் 30. பேட்டரி, கார்டோடு 612 கிராம். பறவையின் கண்ணைத் தேடிப் பிடிக்கும் வித்தை இருக்கிறது. 1200டி-யின் ஒன்பது ஃபோகஸ் புள்ளிகளோடு புதருக்குள் மல்லுக்கட்டியவனுக்கு இது வேறு உலகம்.

குறை எங்கே என்றால் அந்த 30-இல். எலக்ட்ரானிக் ஷட்டரில் சென்சாரை மேலிருந்து கீழாக வரிவரியாக வாசிக்கிறது. முழுவதையும் வாசித்து முடிக்க ஏறக்குறைய நொடியில் முப்பதில் ஒரு பங்கு ஆகிறது. அதற்குள் பறவை சிறகை அடித்துவிடும். மேல் வரியில் ஓரிடத்தில் இருந்த சிறகு கீழ் வரியை வாசிக்கும்போது வேறிடத்தில். படத்தில் சிறகு வாழை இலை மாதிரி வளைந்து வரும். இசட்9-இல் இதே வேலை நொடியில் சுமார் 270-இல் ஒரு பங்கில் முடிகிறது. சென்சாருக்கு அடியில் நினைவகத்தையும் சுற்றுகளையும் அடுக்கி வைத்திருப்பதால் வருகிற வேகம் அது. டேப் ஒட்டிய கேமராவில் அந்த அடுக்கு சென்சார் இருக்கும் என்பதுதான் எல்லோருடைய ஆசையும். ஆர்7-இல் இருப்பது போன்ற சின்ன சென்சாரில் இது முடியாததும் அல்ல. ஃபூஜி 2022-லேயே எக்ஸ்-எச்2எஸ்-இல் செய்துவிட்டது.

ஆனால் தம்பி எடுப்பது என்ன? சோலைக்குள் கீழ்க்கிளையில் உட்காரும் குருவிகள். கறுப்பும் ஆரஞ்சுமான ஈப்பிடிப்பான், நீலகிரி ஈப்பிடிப்பான், பழனி சிரிப்பான், வெண்வயிற்றுச் சோலைக்கிளி. சோலைக்கிளி என்றதும் வெளியூர்க்காரர்கள் பச்சைக்கிளியைத் தேடுவார்கள். இது நீல உடம்பும் வெண்வயிறுமான சின்னக் குருவி, தரையோரத்து இருட்டில் வாழ்வது. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் அதன் உறவுக்காரப் பறவை வேறு, தெற்கே நம் பக்கம் இருப்பது வேறு. 2017-இல் இவற்றுக்குத் தனிப் பேரினம் கண்டபோது ஷோலிகோலா என்று நம் சோலையையே பெயரில் வைத்தார்கள். இந்தக் குருவிகள் உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் படம். அங்கே சிறகு வளைகிற பிரச்சினை அநேகமாக இல்லை. பறக்கிற பருந்தை எடுக்க வேண்டுமென்றால் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றிக்கொள்ளலாம், நொடிக்கு 15 படம் போதும். அதன் சத்தம் கொஞ்சம் பலம்தான், வானத்தில் இருக்கும் பருந்துக்கு அது கேட்கப்போவதில்லை.

அடுக்கு சென்சார் வந்தால் இருட்டில் படம் தெளிவாகும் என்று தம்பி நினைத்துக்கொண்டிருந்தான். நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அது வேகத்துக்கான ஏற்பாடு. வெளிச்சத்தை அது கூட்டித் தராது. 2024-இல் வந்த நிக்கான் இசட்6-3-இல் பகுதி அடுக்கு சென்சார் போட்டார்கள். வேகம் கூடியது, ஆனால் குறைந்த ஐஎஸ்ஓவில் நிழலுக்கும் ஒளிக்கும் இடையே தாங்கும் வீச்சு முந்தைய இசட்6-2-ஐவிடச் சற்றுக் குறைந்தது. புதுக் கேமராவில் மெகாபிக்சலும் கூடும் என்கிறார்கள். அப்படிக் கூடினால் அதே அளவுச் சென்சாரில் ஒவ்வொரு பிக்சலும் இன்னும் சிறிதாகும். சோலைக்காரனுக்கு அது பெரிய லாபமாகத் தெரியவில்லை.

பெரிய சென்சார் கேமரா? ஆர்6 மார்க் 2 போன்றவை இருட்டில் சிறப்பாகச் செய்யும், மறுக்கவில்லை. ஆனால் குருவி சிறியது. அதன் 24.2 மெகாபிக்சலில், ஆர்7 பார்க்கிற அதே பரப்பை மட்டும் வெட்டி எடுத்தால் ஒன்பதரை மெகாபிக்சல்தான் மிஞ்சும். அதைச் சரிக்கட்ட இன்னும் நீளமான லென்ஸ், இன்னும் காசு, தோளில் இன்னும் பாரம். தம்பியின் காசுக்கு அது சரிவராது.

செகண்ட்ஸில் நிக்கான் டி500. 2016-இல் வந்தது, டிஎஸ்எல்ஆரில் பறவைக்காரர்களின் செல்லம், இன்றைக்கும் நான் மதிக்கிற கேமரா. அதோடு 200-500 எஃப்/5.6 சேர்த்தால் மூன்று கிலோவைத் தாண்டும். கூக்கால் ஏரிக்கரையிலிருந்து சோலைக்குள் ஏறி இறங்கி நடக்கிறவன், முன்னால் காட்டெருமை நின்றால் சட்டென்று பின்வாங்க வேண்டியவன், அதைச் சுமப்பது கஷ்டம். நிக்கானுக்குப் போனால் கையிலிருக்கும் கேனன் சாமான்களும் உதவாது. இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது நான் முக்கியமாக நினைப்பதற்கு வருகிறேன். தம்பியும் நானும் ஒரு மணி நேரம் பேசியதில் முக்கால் மணி நேரம் பாடியை, அதாவது லென்ஸ் இல்லாத கேமராவைப் பற்றியே பேசியிருக்கிறோம் என்பது எனக்கு உறைத்தது. அவனுடைய படங்களை என் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தோம். முதல் குறை தூரம். 250 மி.மீ. போதவில்லை, குருவி சட்டத்தின் நடுவில் சுண்டைக்காய் அளவில் இருக்கிறது. இரண்டாவது குறை வெளிச்சம். மூன்றாவதாகத்தான் கேமராவின் வேகம் வருகிறது. முதல் இரண்டும் லென்ஸின் வேலை.

அப்பா இந்த ஸ்டுடியோவை நடத்திய காலத்தில் கறுப்பு வெள்ளைக்கு ஊட்டியில் தயாரான இந்து ரோல் போடுவார். 1967-இல் தொடங்கி அங்கே ஃபிலிம் செய்துகொண்டிருந்தார்கள். இப்போது அந்தத் தொழிற்சாலை இல்லை, இந்து நகர் என்ற பெயர் மட்டும் ஊட்டியில் நிற்கிறது. அப்பா பாடியை மாற்றி நான் பார்த்ததில்லை. படம் மாற வேண்டும் என்றால் ரோலை மாற்றுவார், இல்லாவிட்டால் லென்ஸை. இன்றைக்கு ரோல் பாடிக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு வருகிறது, அதனால் பாடி முக்கியமாகிவிட்டது. லென்ஸின் இடம் மாறவில்லை.

தம்பி ஆர்7-ஓடு வாங்க நினைத்திருந்தது ஆர்எஃப் 100-400. 635 கிராம்தான், விலையும் தாங்கும், ஒரு மீட்டர் அளவுக்குக் கிட்டே வந்தாலும் ஃபோகஸ் ஆகும். வெயிலில் அருமையான லென்ஸ். ஆனால் 400-இல் அதன் திறப்பு எஃப்/8. இந்த எண் கூடினால் உள்ளே வரும் வெளிச்சம் குறையும். சோலைக்குள் காலையில் எஃப்/5.6, நொடியில் 160-இல் ஒரு பங்கு, ஐஎஸ்ஓ 3200 என்று நான் எடுக்கிற இடத்தில் எஃப்/8 ஆனால் ஐஎஸ்ஓ 6400 வேண்டும். மஞ்சு இன்னும் இறங்கினால் 12800. பூம்பாறையில் வயலோரம் வெயிலில் எடுப்பதற்கு மட்டும் என்றால் அதையே வாங்கு என்று சொல்லியிருப்பேன்.

டிஎஸ்எல்ஆர் காலத்து ஈஎஃப் வரிசையில் பழைய 400 எஃப்/5.6 ஒன்று மதுரையில் விலைக்கு இருப்பதாகச் சொன்னான். 1993-இல் வந்த லென்ஸ், 1250 கிராம், கூர்மையில் இன்றும் குறை சொல்ல முடியாது. ஆட்டம் தாங்கும் வசதி அதில் இல்லை, ஆர்7-இல் மாட்டினால் பாடி ஓரளவு பார்த்துக்கொள்ளும். எனக்கு அதில் ஆசை இருந்தது. ஆனால் அது மூன்றரை மீட்டருக்குள் ஃபோகஸ் ஆகாது. நம் ஈப்பிடிப்பான் இரண்டு மீட்டரில் வந்து உட்கார்ந்துவிட்டு நம்மையே பார்க்கிற பறவை. சோலையில் பாதி வாய்ப்பு அந்தத் தூரத்தில்தான் கிடைக்கிறது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கடைசியில் நாங்கள் நின்ற இடம் ஈஎஃப் 100-400 மார்க் 2. 2014-இல் வந்தது. 400-இல் எஃப்/5.6, ஆட்டம் தாங்கும், ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்திலேயே ஃபோகஸ் ஆகும். எடை ஏறக்குறைய 1.6 கிலோ. புதிதாக வாங்கும் விலை கட்டாது, ஆர்7 மாதிரி மிரர்லெஸ் கேமராவுக்கு மாறியவர்கள் செகண்ட்ஸில் விற்கிறார்கள்.

இதன் பெரிய வசதி என்ன தெரியுமா? அவனுடைய 1200டி-யிலேயே இன்றைக்கு மாட்டலாம். நாளைக்கு ஆர்7 வாங்கினால் ஓர் அடாப்டர் போட்டு மாட்டலாம், அடாப்டருக்கு எடை 110 கிராம்தான், தானாக ஃபோகஸ் ஆவதும் நடக்கும். டேப் ஒட்டிய கேமரா நிஜமாகவே வந்தாலும் அதே அடாப்டரில் மாட்டலாம். லென்ஸை இப்போது வாங்கிவிட்டால், பாடிக்குக் காத்திருக்கும் நாட்களிலும் படம் எடுத்துக்கொண்டே இருக்கலாம். அவனுக்கு 2018-இல் எனக்கு ஆனது ஆகாது.

"அப்ப பாடிய எப்ப வாங்குறது?" என்றான்.

கெடு வைத்தோம். மழை ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும். மார்கழி, தையில் வானம் வெளுத்து, வலசைப் பறவைகளும் இருக்க, பங்குனிவரை அவனுக்கு ஆட்கள் வருவார்கள். எனவே கார்த்திகை முதல் தேதி. அதற்குள் நிறுவனம் எதுவும் அறிவிக்கவில்லை என்றால் வதந்தியைத் திரும்பிப் பார்க்காமல் ஆர்7 வாங்கிவிட வேண்டும். அறிவித்துவிட்டால் இன்னும் நல்லது, ஏனென்றால் புதியதற்குத் தாவுகிறவர்கள் ஆர்7-ஐ விற்க வருவார்கள், செகண்ட்ஸ் விலை இறங்கும். அப்போதும் ஆர்7-தான். புதியதை அவன் இரண்டு வருடம் கழித்து, மற்றவர்கள் அதைச் சோலையில் வைத்து எடுத்த படங்களைப் பார்த்த பிறகு யோசிக்கலாம்.

"வாங்கின மறுநாளே புதுசு வந்துட்டா மனசு கேக்காதுண்ணே" என்றான். நியாயமான பயம். லட்ச ரூபாய் என்பது அவன் வீட்டில் எத்தனை பேர் எத்தனை நாள் மண்ணில் குனிந்த காசு என்று எனக்குத் தெரியும். ஆனால் புதியது வந்த நாளில் பழையது எடுக்கும் படம் ஒரு புள்ளிகூட மாறாது. 2022-இல் எப்படிக் கண்ணைப் பிடித்ததோ அப்படியேதான் அன்றைக்கும் பிடிக்கும்.

யார் பொறுக்கலாம் என்றும் சொல்லிவிடுகிறேன். நான் பொறுக்கப்போகிறேன். என்னிடம் ஆர்7 இருக்கிறது, நன்றாக ஓடுகிறது. எனக்கு இப்போது ஆசை எல்லாம் தூண் பாறைப் பக்கம் பள்ளத்தாக்கின் மேல் திரும்பித் திரும்பிப் பறக்கிற உழவாரன் குருவிகளில். அந்த வேகத்துக்கு ஆர்7-இன் எலக்ட்ரானிக் ஷட்டர் தாங்காது, மெக்கானிக்கலில் தொடர்ந்து அழுத்தினால் சில நொடியில் நினைவகம் நிரம்பித் திணறுகிறது. எனக்கு அடுக்கு சென்சார் வந்தால் நிஜமாகவே உதவும். என் வேலை அதற்காக நிற்கவும் இல்லை. கையில் ஓடுகிற கேமரா உள்ளவனுக்கு அந்தக் கறுப்பு டேப் நல்ல செய்தி. கையில் ஒன்றும் இல்லாதவனை அது ஒரு சீசன் முழுக்க உட்கார வைத்துவிடும்.

லென்ஸை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதையும் அவனுக்குச் சொன்னேன். நம் மலையில் லென்ஸைக் கெடுப்பது பூஞ்சை. மஞ்சும் ஈரமும் உள்ளே புகுந்தால் கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி படரும். முன் மூடி, பின் மூடி இரண்டையும் கழற்றி, ஒரு பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, மறு பக்கம் சாய்வாகப் பார்க்க வேண்டும். தூசி நாலைந்து புள்ளி இருந்தால் பரவாயில்லை. வலை மாதிரி ஒரு கோடு தெரிந்தால்கூட எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். ஜூமை முழுவதும் நீட்டி, சுருக்கி, எங்கேயும் சிக்குகிறதா என்று பார்க்க வேண்டும். கேமராவில் மாட்டி 400-இல் வைத்து, ஆட்டம் தாங்கும் பொத்தானைப் போட்டு, ஷட்டரைப் பாதி அழுத்திக் காதோடு வைத்தால் லேசான உறுமல் கேட்கும், கரகரப்பு கேட்கக் கூடாது. வாங்கிய பிறகு காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்க வேண்டும். பையிலேயே விட்டால் இரண்டு மழைக்காலம் தாங்காது.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் அவனும் நானும் மதுரைக்குப் போகிறோம். 1200டி-யைச் சார்ஜ் போட்டுப் பையில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். லென்ஸை அதில் மாட்டி, கடை வாசலில் நின்று, எதிர்மாடியில் உட்காரும் காக்கையை 400-இல் எடுத்து, கண்ணில் ஃபோகஸ் விழுகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் காசை எண்ண வேண்டும்.